வியாழக்கிழமை பல் திருடன்

பல் செட் செய்யும் பட்டறையின் முதலாளி அக்கா கணினிக் கடையில் வந்து நின்றபோது, அவர் பல்லைக் கடித்த சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும். கணினி பழுதுபார்க்கும் அம்மாள் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். அவரை எல்லாரும் 'நிதானம்' என்பார்கள். கணவரை 'அவசரம்' என்பார்கள். அவசரம் அதற்குள் இடது செருப்பை வலது காலில் மாட்டிவிட்டார்.

அக்காவின் புகார் இது: வாடிக்கையாளர்களின் வாயை ஸ்கேன் எடுத்துக் கணினியில் போட்டுவைத்தால், வியாழக்கிழமைதோறும் மதியம் சில படங்கள் மாயமாகின்றன. அது அக்கா சாப்பிடப் போகும் நேரம். அப்போது பட்டறையில் இருப்பது அவர் தம்பி மட்டும். நாற்பது வயதுத் தம்பி தனிக்கடை போட இப்படிச் செய்கிறான் என்று நினைத்து, ஒன்றாம் தேதியிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து அக்காவுக்கும் சோறு இறங்கவில்லை.

பட்டறைக்குப் போனதும் அவசரம் பாய்ந்தார். மவுஸ், விசைப்பலகை எங்கும் பல் அச்சு வார்க்கும் வெள்ளை மாவோடு தம்பியின் கைரேகை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக அறிவித்தார். தம்பி தலைகுனிந்து நின்றார்.

நிதானம் அரைமணி நேரம் திரையையே பார்த்தார். பிறகு அக்காவையும் தம்பியையும் உட்காரவைத்தார்.

"விசைப்பலகையில எல்லாக் கட்டையிலயும் மாவு இருக்கு. அழிக்கிற கட்டையில மட்டும் பொட்டு மாவு இல்ல."

"மவுஸால அழிச்சிருப்பான்," என்றார் அவசரம்.

"இருக்கலாங்க. ஆனா வாராவாரம் சரியா ஒண்ணு பத்துக்கு, ஒரு வினாடி முன்னப் பின்ன இல்லாம அழிஞ்சிருக்கு. போனதெல்லாம் ஏழு நாளைக்கு மேற்பட்ட படம். கெடுக்க நினைக்கிறவன் புதுப்படத்தை விட்டுட்டுப் பழசாப் பொறுக்குவானா?" அக்காவிடம் திரும்பினார். "சமீபத்துல ஏதாவது மென்பொருளை நீக்குனீங்களா?"

பழைய ஸ்கேன் மென்பொருளை இரண்டு மாதம் முன்பு தானே நீக்கிப் புதியதை நிறுவியதாக அக்கா சொன்னார்.

"'நீக்கு'ன்னு ஒண்ணு, 'முழுசா நீக்கு'ன்னு ஒண்ணு இருந்துருக்கும். நீங்க முதலாவதை அழுத்திட்டீங்க. வாடகைக்காரர் வீட்டைக் காலி பண்ணிட்டாரு; ஆனா அவர் வச்ச குப்பைக்காரரை யாரும் வேண்டாம்னு சொல்லல. அவர் வியாழக்கிழமை தவறாம வர்றாரு. ஒரு வாரத்துப் பழசெல்லாம் அவருக்குக் குப்பை. புது வாடகைக்காரர் அதே அறையில சாமானை வச்சா, அதையும்தான அள்ளுவாரு?"

திரையில் பழைய மென்பொருள் விட்டுப்போன ஒற்றைக் கட்டளை வரி இருந்தது: வியாழன், ஒன்று பத்து, பழையதை அழி. அவசரம் அதற்கே விலங்கு மாட்டத் தயாராகிவிட்டார்.

அக்காவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. மவுஸை மெல்லத் தம்பி பக்கம் நகர்த்தினார்.

"அந்த வரியை நீயே அழிச்சுடுடா. ஒண்ணாம் தேதி எட்டு மணிக்கெல்லாம் வந்துரு. படம் போன ஆறு பேரைத் திரும்ப வாயைத் திறக்கச் சொல்லணும்."

தம்பி அழுத்தினார். வரி மறைந்தது.

"இந்தத் தடவை அழிச்சது நான்தான்க்கா," என்றார்.