குட்டைக்குள் ஒரு கை

புதுச்சேரியிலிருந்து செஞ்சி வழியாக வந்த வேன் அடி அண்ணாமலையில் நின்றபோது காலை ஒன்பது மணி. பின்கதவைத் திறந்ததும் ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே நான்கு சிலிண்டர்கள். வெல்டிங் கேஸா, ஆஸ்பத்திரி ஆக்சிஜனா என்று ஒருவர் கேட்டார். அதில் இருப்பது வெறும் காற்று, நாம் சும்மா இழுத்துவிடுகிற அதே காற்று என்று மாறன் சொன்னதை அவர் நம்பவில்லை. காற்றைப் போய் யாராவது அடைத்து எடுத்துவருவார்களா என்று முனகிக்கொண்டே போனார்.

வேனிலிருந்து அடுத்து இறங்கிய அருணாதேவியை அங்கே எல்லோருக்கும் தெரியும். கிரிவலப் பாதையில் இட்லிக் கடை வைத்திருக்கும் சரசுவின் மகள். புதுச்சேரியில், ஆசைப்பட்டு வருகிறவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டுகிற கம்பெனியில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறாள். மாறன் அவளோடு வேலை செய்பவன், அவளைவிடச் சின்னவன். நெருப்பு மலையின் அடியில் பிறந்துவிட்டு இவளுக்கு எப்படித் தண்ணீர்ப் பைத்தியம் பிடித்தது என்று ஊர் கேலி பேசும். அன்று யாரும் பேசவில்லை. அவளுடைய தம்பி இளவரசன், ஊருக்கு மேற்கே கைவிடப்பட்டுக் கிடக்கும் கல்குவாரிக் குட்டையில் முழுகி அன்றோடு பதினோரு நாள். உடம்பு கிடைக்கவில்லை.

தீயணைப்பு வீரர்கள் மூன்று நாள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். பாதாளக்கரண்டி போட்டுத் துழாவினார்கள். வந்ததெல்லாம் செருப்பும் கந்தல் சாக்கும். அறுபது அடி ஆழம், உள்ளே கை நீட்டினால் கை தெரியாத கலங்கல். அவர்கள் போன பிறகும் சரசு மட்டும் கரையை விட்டு எழுந்திருக்கவில்லை. தண்ணீரை ஒட்டி நீண்டிருந்த பாறையில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். யாரோ தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார்கள். கடை பூட்டிக் கிடந்தது. மகனின் போட்டோவுக்கு மாலை போட விடவில்லை. சோறு கொண்டுவந்தால் பாதியைத் தண்ணீரில் போட்டுவிட்டு மீதியையும் சாப்பிடாமல் வைத்திருந்தாள். "அவனக் கூட்டிக்கிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்" என்பதுதான் அவள் யாருக்கும் சொன்ன ஒரே பதில்.

தம்பி போனது போனதுதான் என்று அருணாதேவிக்குத் தெரியும். அம்மாவையாவது அந்தப் பாறையிலிருந்து எழுப்பிவிட வேண்டும். அதற்குத்தான் வந்தாள்.

அதற்கு மட்டும்தானா என்று கேட்டால், இல்லை. குட்டையில் இறங்கியபோது இளவரசன் மாட்டியிருந்த முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அவள் கொடுத்தவை. பழசாகிவிட்டன என்று போன தீபாவளிக்குத் தம்பியிடம் தந்தாள். ரமணாசிரமம் பக்கம் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த பையன், கடலைச் செல்போனில்தான் அதிகம் பார்த்தவன். அப்படி என்னக்கா இருக்குது உள்ளே, மீனா, பவளமா என்று கேட்டான். மீன் எல்லாம் சும்மா என்றாள் அவள். அவர்கள் வளர்ந்தது கடைக்கு மேலே ஒற்றை அறையில். பௌர்ணமி வந்தால் விடிய விடிய ஒலிபெருக்கி, மற்ற நாளில் பஸ் ஹாரன், கிரைண்டர், அம்மாவின் குரல். பதினெட்டு வருடம் அந்த இரைச்சலைத் தின்று வளர்ந்தவள், முதன்முதலாகக் கடலுக்குள் முகத்தை வைத்தபோது அழுதுவிட்டாள். "மொகத்த உள்ள வெச்ச ஒடனே ஊரு மொத்தமும் வாய மூடிக்கும்டா. ஒடம்புக்கு வெயிட்டே இருக்காது. யாரோ தாங்கிப் புடிச்சிருக்கிற மாதிரி இருக்கும்." அதை அவள் வாயாலேயேதான் சொன்னாள்.

வாய் சும்மா இருந்திருக்கலாம்.

குட்டைக் கரையில் காற்றே இல்லை. நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டிய பாறை, நடுவில் பச்சைத் தண்ணீர். அதில் மலை தலைகீழாகத் தெரிந்தது. பாசியும் துருவும் கலந்த ஒரு வாடை. இத்தனை வெயிலிலும் ஒரு காக்கை அங்கே தண்ணீர் குடிக்க இறங்கவில்லை. அம்மா மகளை நிமிர்ந்து பார்த்தாள். உதடு வெடித்திருந்தது.

கண் தெரியாத தண்ணீரில் இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு போக வேண்டும். உள்ளே பேச முடியாது, சைகையும் தெரியாது. அதனால் கைதான் பாஷை. ஒரு முறை அழுத்தினால், நலமாக இருக்கிறாயா என்று கேள்வி. திருப்பி ஒரு முறை அழுத்தினால், நலம் என்று பதில். சேற்றைத் தடவிப் பார்க்க விரல் வேண்டும் என்பதால் கையுறையைக் கழற்றச் சொன்னாள் அருணாதேவி. அவள் இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை இளவரசனின் சிநேகிதன் கலையரசன் கையில், கரையில். அவன் மூன்று முறை சுண்டினால் மேலே வந்துவிட வேண்டும்.

இறங்கினார்கள்.

இரண்டு ஆள் ஆழம் வரை பச்சை. அதற்குக் கீழே பழுப்பு. பிறகு எதுவுமில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. தண்ணீர் சட்டென்று ஜில்லிட்டது. ஏதோ ஓர் இடத்தில் மாறனின் கை நழுவியது. அருணாதேவி அசையாமல் நின்று துழாவினாள். ஒரு நொடியில் கை திரும்பி வந்து அவள் இடது கையைப் பற்றிக்கொண்டது. அவள் ஒரு முறை அழுத்தினாள்.

பதிலுக்கு ஒரு முறை அழுத்தியது.

அவர்கள் அடிமட்டத்தைத் தொட்டார்கள். முழங்கால் வரை புதைகிற சகதி. வலது கையால் தடவிக்கொண்டே போனாள். கல், கல், ஒரு டயர், மறுபடி கல். இடுப்புக் கயிறு எங்கோ மாட்டியது போல் சுண்டியது, விட்டது, மறுபடி சுண்டியது. பாறையில் உரசுகிறது என்று நினைத்துக்கொண்டாள். மேலே கூப்பிடுகிறார்கள் என்றால் மூன்று முறை சேர்ந்தாற்போல் வருமே. மாறன் கையை விடவில்லை. அமைதியாகக் கூடவே வந்தான்.

இவ்வளவு அமைதியை அவள் கடலில்கூடக் கண்டதில்லை. அம்மாவின் வெடித்த உதடு, வழியெல்லாம் மனதைக் குடைந்த அந்தத் தீபாவளிப் பேச்சு, எல்லாம் எங்கோ மேலே நின்றுவிட்டன. எத்தனையோ பேரைக் கடலுக்குள் கூட்டிப்போயிருக்கிறாள். மீன் பார்க்க வந்தேன் என்பார்கள், சாகசம் என்பார்கள், போட்டோவுக்கு என்பார்கள். மேலே வந்ததும் எல்லோரும் ஒரே மாதிரி கேட்பார்கள், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா என்று. இப்போது அவளுக்கும் அதேதான் தோன்றியது. எதைத் தேடி வந்தோம் என்பதுகூட லேசாக மறந்தது. சுகமாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மூச்சுச் சத்தம் ஒன்றுதான் கேட்கிறது.

தண்ணீருக்குள் ஒருவன் பக்கத்தில் இருந்தால் அவன் மூச்சு கேட்கும். இழுக்கும்போது ஒரு உறுமல், விடும்போது குமிழிகளின் கடகடப்பு. இருட்டில் முகம் தெரியாமல் போகலாம், இந்தச் சத்தம் கேட்காமல் போகாது. அவள் தான் மூச்சு விடுவதை நிறுத்தினாள். மூச்சை அடக்கக் கூடாது என்று வருகிறவர்களிடம் தினமும் சொல்கிறவள் அடக்கினாள்.

ஒன்றுமில்லை.

ஒரு குமிழிகூட இல்லை.

இடது கையை அது ஒரு முறை அழுத்தியது. நலமாக இருக்கிறாயா?

பழக்க தோஷம். அவள் விரல்கள் அவளைக் கேட்காமலே திருப்பி அழுத்திவிட்டன.

தம்பி என்றுதான் நினைத்தாள். வேறு யாரென்று நினைப்பாள்? பயத்தைவிடப் பாசம்தான் முதலில் பொங்கியது. இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்து மேலே இழுத்தாள். அது வரவில்லை. அவளைக் கீழேயும் இழுக்கவில்லை. சகதிக்குள்ளிருந்து மணிக்கட்டு வரை நீண்டு, அப்படியே இருந்தது. அதன் தோல் ஊறியிருக்கவில்லை, அழுகியிருக்கவில்லை. உயிருள்ள கையின் கெட்டியோடு, தண்ணீரின் அதே குளிர்ச்சியோடு இருந்தது. காற்று அளவுமானியை முகக்கண்ணாடியில் ஒட்டி வைத்துப் பார்த்தாள். பச்சையாக மினுங்கிய முள் சிவப்புக்குள் போயிருந்தது. இவ்வளவு நேரமா இங்கே இருந்தோம்?

இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அது தன்னுடைய நினைப்புதானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அம்மா மேலே உட்கார்ந்திருக்கிறாள்.

அருணாதேவி விரல்களைப் பிரித்தாள். அந்தக் கை போராடவில்லை. உடனே விட்டுவிட்டது. எங்கோ மாட்டிக்கொண்டிருந்த இடுப்புக் கயிற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு மேலே உதைத்தாள்.

கரையில் மாறன் வெறிபிடித்தவன் போல் கத்திக்கொண்டிருந்தான். இறங்கிய இரண்டாவது நிமிடமே காது அடைத்துக் கை நழுவிவிட்டதாகவும், முறைப்படி ஒரு நிமிடம் தேடிவிட்டு மேலே வந்துவிட்டதாகவும், அப்போதிலிருந்து கயிற்றைச் சுண்டிக்கொண்டே இருப்பதாகவும் சொன்னான்.

"இருவத்தஞ்சு நிமிஷம்க்கா. தனியா அங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

கையை விட்டுவிட்டு வந்தேன் என்று யாரிடம் சொல்வது?

மாட்டிய கயிற்றைக் கலையரசனும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். முதலில் அசையவில்லை. பிறகு கனமாக வந்தது. கல் தூக்குகிற பழைய இரும்பு வடம் ஒன்று கயிற்றில் சிக்கி மேலே வந்தது. அந்த வடத்தோடு இளவரசன் வந்தான்.

அவன் அடிமட்டத்தில் இருக்கவேயில்லை. அம்மா உட்கார்ந்திருந்த பாறைக்கு நேர் கீழே, குடைந்த இடுக்கில், இரண்டு ஆள் ஆழத்தில் பதினோரு நாளாகத் தொங்கியிருக்கிறான். வடம் அவன் இரண்டு கைகளையும் முழங்கை வரை மாரோடு சேர்த்துச் சுற்றியிருந்தது. விரல்கள் வடத்துக்கு உள்ளே மடங்கியிருந்தன. அதைப் பிரிக்க ஆஸ்பத்திரியில் கட்டர் தேவைப்பட்டது.

அருணாதேவி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பற்றியது இந்தக் கை இல்லை.

மறுநாள் பிரேதப் பரிசோதனை முடிந்து தகனமும் முடிந்தது. சரசு எழுந்து வீட்டுக்கு வந்தாள். குளித்தாள். பதினோரு நாளைக்குப் பிறகு இரண்டு இட்லி சாப்பிட்டாள். மகனின் போட்டோவுக்குத் தன் கையாலேயே மாலை போட்டாள். அடுத்த நாள் பால் தெளித்துவிட்டு வந்து மகள் மடியில் தலைவைத்து அழுதாள், அழ வேண்டிய விதத்தில் அழுதாள். அருணாதேவிக்கு உயிர் வந்தது. குட்டையில் நடந்ததை இருட்டும் குளிரும் சேர்ந்து மூளையில் பண்ணிய வேலை என்று முடிவுகட்டினாள். அப்படி நடப்பதுண்டு, படித்திருக்கிறாள். கருமாதி முடிந்ததும் அம்மாவைப் புதுச்சேரிக்கே கூட்டிப்போய்விடலாம் என்று மாறனிடம் போனில் பேசினாள்.

மூன்றாம் நாள் காலை கண்விழித்தபோது அம்மாவின் பாய் காலியாக இருந்தது. கடையில் இல்லை. கோயிலில் இல்லை. அருணாதேவி கலையரசனின் ஆட்டோவில் ஏறினாள். எங்கே போக வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

வெயில் நன்றாக ஏறியிருந்தது. தார்ப்பாயைப் பிரித்துவிட்டிருந்தார்கள். அதே பாறையின் விளிம்பில் சரசு குப்புறப் படுத்திருந்தாள். கன்னத்தைக் கல்லில் வைத்து, வலது கையைத் தோள்வரை தண்ணீருக்குள் விட்டிருந்தாள். முகம் இத்தனை நிம்மதியாக இருந்து மகள் பார்த்ததில்லை. கலையரசன் மேலேயே நின்றுவிட்டான்.

அருணாதேவி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அவன்தான் வந்துட்டானேம்மா. இன்னும் யாருக்காக இங்க வந்து கெடக்கற?"

"அவனுக்கு இல்லடி."

"பின்ன?"

"நீ கைய விட்டுட்டு வந்துட்டியே. அதுக்கு யாரு இருக்கா?"

அருணாதேவி அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மாறனிடம் இல்லை, அம்மாவிடம் இல்லை, தூக்கத்தில்கூட இல்லை. அவள் இரண்டு கையாலும் அம்மாவின் தோளைப் பற்றி இழுத்தாள். பதினோரு நாள் பட்டினியில் இளைத்த உடம்பு, லேசாகத்தான் இருந்தது. தோள் வந்தது. முழங்கை வந்தது.

அதற்குமேல் வரவில்லை.

"கொஞ்சம் இரு" என்றாள் அம்மா, கல்லிலிருந்து கன்னத்தை எடுக்காமல். ரகசியம் சொல்வது போல் இருந்தது குரல். "நல்லா இருக்கியான்னு கேட்டுக்கினே இருக்குது. பதில் சொல்லிட்டு வரேன்."