கல்யாண மண்டபமும் சிமெண்டு மூட்டையும்

நாசியா போட்ட அலறலில், கணினி அறை வாசலில் நின்றிருந்த கணக்கு வாத்தியார் அப்பாதுரை சாரின் டீயில் பாதி அவருடைய சட்டைக்குப் போய்விட்டது.

“சார்! பாட்டு போச்சு சார்! மொத்தமும் போச்சு!”

கலைப்பிரியா மடிக்கணினியை எட்டிப் பார்த்தாள். திரையின் நடுவில் ஒரு சிவப்புப் பெட்டி. அதற்குள் இங்கிலீஷில் இரண்டு வரி. அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

‘இது சோதனைப் பதிப்பு. சேமித்து வைத்ததை மறுபடி திறக்க, முழுப் பதிப்பை வாங்குங்கள்’ என்று போட்டிருந்தது.

மணி பத்து இருபது. பதினொரு மணிக்கு மேடையில் அவர்களுடைய பாட்டு. விழுப்புரத்திலிருந்து காலையிலேயே பஸ் ஏறித் திண்டிவனம் வந்தது அதற்காகத்தான். பள்ளிகளுக்கு இடையே கம்ப்யூட்டர் இசைப் போட்டி. அவர்கள் பள்ளி இதுவரை எந்த இசைப் போட்டிக்கும் போனதே இல்லை.

ராஜ்குமார் வாயில் போட்ட வேர்க்கடலையை மென்று விழுங்க மறந்து நின்றான். அவர்கள் ஊரில் அதற்கு மல்லாட்டை என்று பெயர்.

நடந்தது இதுதான்.

பத்து நாளைக்கு முன்னால் ஏழாம் வகுப்பிலிருந்து நாசியா, ராஜ்குமார், கலைப்பிரியா மூவரும் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். துபாயில் வேலை பார்க்கும் மாமா கொடுத்த பழைய மடிக்கணினி நாசியாவிடம் இருந்தது. அதில் பாட்டு செய்யும் மென்பொருள் இரண்டை இறக்கி வைத்திருந்தாள். இரண்டின் பெயரும் வாயில் நுழையவில்லை. அதனால் ராஜ்குமாரே பெயர் வைத்தான்.

முதலாவதைத் திறந்தால் திரையெல்லாம் பச்சையும் ஊதாவுமாக மின்னும். நூறு வகை மேளம் உண்டு. நாயனம்கூட உண்டு. அது ‘கல்யாண மண்டபம்’. இன்னொன்று முழுக்கச் சாம்பல் நிறம். நாலே நாலு மேளம். வேறு சத்தம் வேண்டுமென்றால் நாமே பதிவு செய்து போட்டுக்கொள்ள வேண்டும். அது ‘சிமெண்டு மூட்டை’.

“மண்டபம்தான்!” என்றாள் நாசியா. “மூட்டையப் பாத்தாலே தூக்கம் வருது.”

“எனக்கும் மண்டபம்தான். லைட்டெல்லாம் எரியுதே!” என்றான் ராஜ்குமார்.

“மண்டபத்துல ஓரமா சோதனைப் பதிப்புன்னு இன்னாவோ போட்டிருக்கு. மூட்டை முழுசாவே ஃப்ரீ...” என்று கலைப்பிரியா ஆரம்பித்தாள்.

அவள் குரல் எப்போதுமே மின்விசிறிச் சத்தத்துக்கு ஒரு படி கீழேதான் இருக்கும். யார் காதிலும் விழவில்லை.

பாட்டுக்கான சத்தங்களை மூவரும் தெருத்தெருவாகப் போய்ப் பிடித்தார்கள். தெருமுனை வேணி அக்கா கடை ஷட்டர் இறங்கும் ‘தடார்’. அப்பாதுரை சாருடைய சைக்கிள் மணி. ராஜ்குமாரின் தகர டப்பாவில் மல்லாட்டை குலுங்கும் ‘சலக் சலக்’.

“டேய், நேத்து டப்பா நெறைய இருந்துச்சே, இன்னிக்குப் பாதிதான் கீது?” என்றாள் நாசியா.

“டெஸ்ட் பண்ணிக்கினு இருந்தேன்” என்றான் ராஜ்குமார்.

“வாத்தியத்த யாராவது துன்னுவாங்களாடா!”

அந்தப் பழைய மடிக்கணினி திறக்கக் கால் மணி நேரம் எடுக்கும். அதனால் நாசியா அதை அணைப்பதே இல்லை. மூடியை மட்டும் சாத்தி வைப்பாள். மறுநாள் தூக்கினால் பாட்டு விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். இன்றைக்குப் பஸ்ஸில், “கடைசியா ஒரே ஒரு டச்சு” என்று தட்டிக்கொண்டே வந்தாள். சார்ஜ் தீர்ந்து அது தானாக அணைந்துபோனது. இங்கே வந்து வயரைச் சொருகித் திறந்தால், இந்தச் சிவப்புப் பெட்டி.

நாசியா மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

“எல்லாம் என்னாலதான். நான்தான் மண்டபம் மண்டபம்னு குதிச்சேன்.”

“கலை, நீ அன்னிக்கே இன்னாவோ சொல்ல வந்த இல்ல?” என்றான் ராஜ்குமார். “இன்னா சொன்ன?”

‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்ற வார்த்தை கலைப்பிரியாவின் நாக்கு நுனிவரை வந்தது. நாசியாவின் தோள் குலுங்குவதைப் பார்த்தாள். வார்த்தையை அப்படியே விழுங்கினாள்.

“அத்த உடு” என்றாள். “நாசியா, மூட்டைய அழிச்சிட்டியா?”

“இல்ல. சோம்பல்ல உட்டுட்டேன்.”

“நாம புடிச்ச சத்தமெல்லாம்?”

“அது தனியா கீது. ஆனா எது எங்க வரணும்னு யாருக்குடி ஞாபகம் இருக்கும்?”

கலைப்பிரியா பையைத் திறந்தாள். கை உள்ளே போய், தயங்கி, மறுபடி போனது. பத்து நாளாக யாருக்கும் காட்டாத ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். அது கட்டம் போட்ட கணக்கு நோட்டு.

அவள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. அதனால் தினமும் வீட்டுக்குப் போனதும் அன்றைக்குச் செய்த பாட்டை நோட்டில் வரைந்து வைப்பாள். ஒரு சத்தத்துக்கு ஒரு வரிசை, வரிசைக்குப் பதினாறு கட்டம். சத்தம் வரும் கட்டத்துக்கு மட்டும் வண்ணம். அதன்மேல் விரலை ஓட்டினால் முழுப்பாட்டும் அவள் தலைக்குள் ஓடும்.

நாசியா நிமிர்ந்தாள். பக்கத்தைப் புரட்டினாள். கண் விரிந்தது.

“அடிப்பாவி! மொத்தமும் கீதுடி இதுல!”

அதற்குள் சட்டையைத் துடைத்துக்கொண்டே அப்பாதுரை சார் பக்கத்தில் வந்து நின்றார்.

“இது எங்கிட்ட காட்ட வேண்டிய கணக்கு நோட்டாச்சே! பத்து நாளா வீட்டுப்பாடக் கணக்கே காட்டல நீ. கேட்டா நோட்டு தொலைஞ்சிடுச்சுன்ன?”

கலைப்பிரியா நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். சார் அவளையும் பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார்.

“எத்தன பக்கம்?”

“பன்னெண்டு சார்.”

“இருக்கிறது நாப்பது நிமிஷம். பக்கத்துக்கு மூணு நிமிஷம்னா, நாலு நிமிஷம் மிச்சம். ஆரம்பிங்க!”

“ஜல்தி படிடி!” என்று நாசியா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிமெண்டு மூட்டையைத் திறந்தாள்.

“ஷட்டர். ஒண்ணு, ஒம்பது. மல்லாட்டை. மூணு, ஏழு, பதினொண்ணு, பதினஞ்சு.”

கலைப்பிரியா படித்தாள், நாசியாவின் விரல் பறந்தது. அறையில் மின்விசிறி கடகடவென்று சுற்றியது. ஆனாலும் கலைப்பிரியாவின் குரல் வாசல்வரை கேட்டது.

“நாயனம் எங்க?” என்றான் ராஜ்குமார்.

“மூட்டைல நாயனம் இல்லடா.”

“சரி, மல்லாட்டைதான் இனிமே நாயனம்.”

கடைசிப் பக்கத்தில் நாசியா நிறுத்தினாள்.

“ஷட்டர் தடார்னு வுழுந்ததோட பாட்டு முடிஞ்சிடும் இல்ல? இங்க கொஞ்சம் கட்டம் காலியா வுட்டு, ஒரே ஒரு சைக்கிள் மணி போட்டிருக்க. இது நாம செஞ்சது இல்லையே?”

“அது... சும்மா... வீட்ல எனக்குத் தோணுச்சு. வாணாம், உட்டுடு.”

நாசியா அந்தக் கட்டத்தைத் தட்டினாள். “போட்டாச்சு.”

பதினொரு மணிக்குப் பாட்டு அரங்கத்தில் ஒலித்தது. கல்யாண மண்டபம் மென்பொருளில் செய்தபோது நாயனத்துக்கும் நூறு மேளத்துக்கும் அடியில் புதைந்து கிடந்த மல்லாட்டை, இப்போது துல்லியமாகக் குலுங்கியது. முன்வரிசைப் பிள்ளைகளின் கால்கள் தாமாகவே தாளம் போட்டன. கடைசியில் ஷட்டர் ‘தடார்’ என்று விழுந்தது.

எல்லோரும் தட்டுவதற்குக் கைகளைத் தூக்கினார்கள்.

‘கிணிங்!’

அரங்கமே திடுக்கிட்டு வாசல் பக்கம் திரும்பியது. நடுவர் அம்மா எழுந்தே நின்றுவிட்டார். யாரோ சைக்கிளோடு உள்ளே நுழைந்துவிட்டார்கள் என்றுதான் அத்தனை பேரும் நினைத்தார்கள். அப்பாதுரை சாரோ நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“என் மணி மாதிரியே இருக்கே! வண்டி விழுப்புரத்துலதானே நிக்குது?”

பிறகு எழுந்த சிரிப்பிலும் கைத்தட்டலிலும் யாரோ தட்டி ராஜ்குமாரின் டப்பா கவிழ்ந்து மல்லாட்டை நாலா பக்கமும் உருண்டது.

இரண்டாம் பரிசு கிடைத்தது. ஆளுக்கொரு பென் டிரைவ்.

திண்டிவனம் பஸ் நிலையத்துக் கடையில் நாசியா நின்றாள். “அண்ணா, கட்டம் போட்ட நோட்டு ரெண்டு குடுங்க.”

“ரெண்டு எதுக்கும்மா?” என்றார் சார்.

“ஒண்ணு பாட்டுக்கு. ஒண்ணு கலைக்கு, கணக்கு போட.”

“அப்ப சரி. பத்து நாள் பாக்கியும் நாளைக்கு வரணும்.”

பஸ்ஸில் கடைசி இருக்கை கிடைத்தது. ராஜ்குமார் கேட்டான்: “அடுத்த பாட்ட எதுல செய்யலாம்? மண்டபமா, மூட்டையா?”

நாசியா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். “மொதல்ல கலை சொல்லட்டும்.”

எஞ்சின் உறுமியது. ஜன்னல் கண்ணாடிகள் தடதடத்தன. ஆனாலும் “மூட்டைதான்!” என்று கலைப்பிரியா சொன்னது முன்னிருக்கையில் இருந்த சாருக்குக்கூடத் தெளிவாகக் கேட்டது.