ஆறுகின்ற உடம்பு

கட்டுப் போட்ட நான்காம் நாள் காலையில் புருசன் சந்தியோகுவின் தொடைக்கட்டை அவிழ்த்தபோது பெர்னடெட்டுக்கு எந்த மணமும் வரவில்லை. மூக்கைக் காயத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மறுபடியும் மோந்து பார்த்தாள். குருநகர்க் கரையில் இருபது வருடம் மீன் கீறிக் கருவாடு போட்டவள் அவள். எந்தச் சதை எத்தனையாம் நாள் புளிக்கும், எப்போது நூல் விடும் என்று அவளுடைய மூக்குக்குத் தெரியும். நேற்று மாலைவரை சீழ் வடிந்து அறையையே நாறடித்த புண் இன்று காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் பிறந்த குழந்தையின் உச்சந்தலைபோல் மெல்லிய, ஈரமான, சூடான தோல் இருந்தது.

"ஆறிட்டுதோ?" என்றான் சந்தியோகு.

"ஓம்" என்றாள். சந்தோசப்பட வேண்டிய நேரம். ஆனால் அவள் தொட்ட விரலைச் சேலையில் அழுத்தித் துடைத்தாள்.

போன வருடம் கோட்டைச் சண்டையில் குருநகர் காலியானபோது அவர்கள் உடுவிலுக்கு வந்து, கொழும்புக்குப் போய்விட்ட ஒரு வாத்தியாரின் வீட்டுப் பின்னறையில் ஒதுங்கினார்கள். போன கிழமை, விட்டுவந்த வலையை எடுக்கப் போன இடத்தில்தான் ஒரு ஷெல் துண்டு சந்தியோகுவின் தொடையை ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்தது. ஆஸ்பத்திரியில் துண்டை எடுத்துவிட்டு, மருந்து வரவில்லை, வீட்டில் வைத்துக் கழுவுங்கள் என்று அனுப்பினார்கள். பெர்னடெட் தன் நீலப்பூச் சேலையைக் கிழித்து, உப்புத் தண்ணீரில் அவித்து, குழிக்குள் திணித்துக் கட்டுவாள். காலையில் உருவி எடுப்பாள்.

இன்றைக்கு உருவி எடுக்கச் சேலைத் துண்டு இல்லை.

யன்னல் சீலையை விலக்கி வெளிச்சத்தை உள்ளே விட்டாள். புதுத்தோலுக்கு அடியில், கலங்கிய தண்ணீருக்குள் தெரிவதுபோல, சின்னச் சின்ன நீலப்பூக்கள் தெரிந்தன. விரலால் அழுத்தினாள். பூக்கள் நகர்ந்தன.

"நோகுதோ?"

"இல்லை. நல்ல சுகமாயிருக்கு."

ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துப் பென்சன் எடுத்த அப்போதிக்கரி செல்வரட்ணம் சைக்கிளில் வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "உடம்புக்குத் தன்னைப் பாக்கத் தெரியும் பிள்ளை. சாப்பாடு குறைஞ்சால் குறைஞ்சதுக்கு ஏற்ற மாதிரி நடக்கும். வெட்டினால் ஒட்டும். ஆறினதைக் கிளறாதையுங்கோ" என்று சொன்னார். அவள் பூக்களைக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். "இருக்கட்டும். உடம்பு அதைப் பழகிக்கொள்ளும்" என்றுவிட்டுப் போனார்.

பழகிக்கொள்வது அவளுக்குத் தெரியாததில்லை. சவுக்காரம் இல்லாமல் பனங்காய்க் களியில் உடுப்புத் தோய்க்க ஊரே பழகியிருந்தது. ஆனால் சந்தியோகு பழகிய விதம் வேறாக இருந்தது. அந்தக் கிழமையே அவன் சாப்பாட்டைத் தள்ளிவைத்தான். பசிக்கேல்லை என்றான். ஒரு வாய்க் கஞ்சிகூட இறங்காத உடம்பு நாளுக்கு நாள் மினுங்கியது. கன்னம் உப்பியது. கடல் வெயிலில் கறுத்திருந்த முதுகு பழைய தோலை உரித்துவிட்டு வெளிறிய ரோசா நிறத்தில் பளபளத்தது. உரிந்த தோல் கட்டிலில் விரித்த பாயில் வெங்காயச் சருகுபோல் கிடந்தது. அதைக் கூட்டி அள்ளும்போது பெர்னடெட் மூச்சை அடக்கிக்கொள்வாள்.

ஒன்பதாம் நாள் முதுகு துடைக்க அவனைத் தூக்கினாள். பாயும் சேர்ந்து எழும்பியது.

முதலில் வேர்வைப் பிசின் என்றுதான் நினைத்தாள். ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது, ஊறிய பலாக்கொட்டையின் தோல் உரிவதுபோல் சளக்கென்று ஒரு சத்தம் வந்தது. பாயின் ஓலைகளுக்கு இடையால் சதை மேலும் கீழுமாக ஓடியிருந்தது. ஓலை எது, தோல் எது என்று பிரிக்க முடியவில்லை. ஓர் ஓலைக்குள் நரம்பு துடித்தது.

முற்றத்துக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

செல்வரட்ணம் மறுபடியும் வந்தார். கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி, ஓலையை ஒட்டி ஒரு விரல் நீளம் வெட்டினார். இரத்தம் வந்தது. அவர் கத்தரிக்கோலைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வெட்டு மூடிவிட்டது. இன்னொரு தரம் வெட்டினார். இந்த முறை கத்தரிக்கோலின் நுனி உள்ளே மாட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் இழுத்துத்தான் எடுத்தார்.

"ஏதாவது மருந்து தாங்கோ ஐயா."

"எதுக்குப் பிள்ளை மருந்து?" அவர் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டார். "நோய் வருத்தமெண்டால் மருந்திருக்கு. இது வருத்தமில்லை. சுகம்."

அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

அடுத்த நாள் சந்தியோகுவின் பேச்சு குழறியது. உதட்டோரங்கள் இரண்டும் ஒட்டியிருந்தன. பெர்னடெட் கரண்டிக் காம்பை விட்டு நெம்பிப் பிரித்தாள். மத்தியானம் மறுபடியும் பிரித்தாள். பிரிக்கும்போது மெழுகு இழுபடுவதுபோல் தோல் நூல் நூலாக நீண்டு அறுந்தது. அவன் முனகவில்லை, முகம் சுளிக்கவில்லை. திருவிழா முடிந்து களைத்துப் படுத்தவன்போல் கிடந்தான். காதுகளைப் பார்த்தாள். துளை இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்த உடம்புக்குக் காயம் எது, வாய் எது என்று தெரியவில்லை. திறந்திருப்பதையெல்லாம் அது ஆற்றிக்கொண்டிருந்தது.

செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இரவு முழுக்கப் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். கண்ணயர்ந்தது கொஞ்ச நேரம்தான். முழித்தபோது வெளியே நல்ல வெயில். அறை மூச்சு விடாமல் கிடந்தது.

அவன் முகத்தில் வாய் இல்லை.

மூக்குத் துளைகளும் இல்லை. நெஞ்சு மட்டும் சீராக ஏறி இறங்கியது. உடம்பெங்கும் சின்னச் சின்ன மயிர்க்கால்கள் திறந்து மூடின. அவற்றிலிருந்து சூடான, இனிப்பான, பால் மணம் வந்தது.

மீன் கத்தியை எடுத்தாள். உதடு இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துக் கீறினாள். கத்தி வழுக்கி அவளுடைய சுட்டுவிரலிலும் ஆழமாகப் பட்டது. அதைப் பார்க்க நேரமில்லை. மூடுவதற்குள் அந்த விரலையே பிளவுக்குள் விட்டாள். பல் தட்டுப்பட்டது. நாக்கு தட்டுப்பட்டது.

"கதையுங்கோப்பா" என்றாள். "ஒரு சொல்லு கதையுங்கோ."

விரலைச் சுற்றி ஏதோ இறுகியது.

இழுத்தாள்.

வரவில்லை. கத்தி மறுகையிலிருந்து கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் சறுக்கிப் போனது. கட்டில் சட்டத்தில் காலை ஊன்றி இழுத்தாள். அவனுடைய தலை பாயோடு சேர்ந்து எழும்பி வந்தது.

வெட்டுப்பட்ட விரல் நோகவில்லை. கொஞ்சமும் நோகவில்லை.

அவனுடைய கண்கள் திறந்தன. தெளிவான, நல்ல சுகமான கண்கள். அவளையே பார்த்தன. இமைகளின் ஓரத்திலிருந்து தோல் மெல்ல நடுவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

அவள் தன் கையைப் பார்த்தாள். இரண்டு தோலுக்கும் நடுவில் கோடு இல்லை. விரல் கணுக்கள் அமிழ்ந்தன. மணிக்கட்டு மட்டும் தெரிந்தது. அதற்குள் ஒரு நாடி அடித்தது. அமைதியாக. மெதுவாக.

அவளுடையது அல்ல.