வேலுத்தாய் தேர்வு எழுதினாள்

“எனக்குப் படிக்க வேண்டியது கிடக்கு. உங்க சங்கதியை ஞாயிற்றுக்கிழமை கேக்கேன்” என்று சொல்லிவிட்டு வேலுத்தாய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

ஓய்வுபெற்ற துறைமுக அதிகாரி தொபியாஸுக்குக் கோபம் வந்தது. சுவரில் மாட்டியிருந்த ஒளிக்கூட்டைத் தட்டினார். அவள் திரும்பவில்லை. அவர் புகார் அனுப்பினார்.

தூத்துக்குடியில் இப்போது நாவல் வாங்குவார் இல்லை. நாவலில் வருகிற ஆளையே வாங்கினார்கள். கதையாள் என்று பெயர். ஒளிக்கூட்டுக்குள் ஒரு முழ உயரத்தில் நிற்பார்கள்; பேசுவார்கள்; பேசியதை நினைவில் வைத்துத் தாங்களாகவே வளர்வார்கள். எழுத்தாளர் ஆளின் இயல்பை மட்டும் எழுதித் தருவார். அதற்கு மேல் நடப்பது அந்த ஆளின் பாடு. எத்தனை வீட்டில் தெரிந்தாலும் ஆள் ஒருவர்தான். ஒரு வீட்டில் கற்றுக்கொண்டது எல்லா வீட்டிலும் அவருக்குத் தெரியும்.

வேலுத்தாயை எழுதியவள் அமலோற்பவம். வேலுத்தாய் ஐம்பது வயதுக்காரி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சமைப்பவள், வான்படகு ஓட்ட உரிமம் வாங்கித் தன்னந்தனியாக அந்தமானுக்குப் பறக்க ஆசைப்படுபவள். அமலோற்பவம் அவ்வளவுதான் எழுதிக் கொடுத்தாள். உரிமத் தேர்வில் தோற்றுவிட்டு, “நான் எழுதவே போகலையே” என்று பொய் சொன்னதெல்லாம் வேலுத்தாயின் சொந்தக் கைவண்ணம்.

கதையாட்களை விற்கும் நிறுவனத்தின் தலைவர் சந்திரசூடன் அமலோற்பவத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“வாங்கினவங்களையே முடியாதுன்னு சொல்றா, மேடம். பொய் வேற. ரெண்டையும் எடுத்துடுங்க.”

“எடுத்தா அவ இருக்க மாட்டா சார்.”

“இன்னும் நல்லவளா இருப்பா.”

“நல்லவங்களை மதிப்பாங்க சார். அடுத்து என்ன செய்வாளோன்னு காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க.”

அவர் நம்பவில்லை. இயல்பை மாற்றும் திறவுகோல் சட்டப்படி எழுத்தாளரிடம்தான் இருக்கும். கண்ணால் பார்த்தால்தான் இவருக்குப் புரியும் என்று எண்ணி, ஒரு சோதனைக்கு அமலோற்பவம் சம்மதித்தாள். தூத்துக்குடி வீடுகளுக்கு மட்டும் திருத்திய நகல் ஒன்று போயிற்று.

சில வாரங்களில் தொபியாஸ் அமலோற்பவத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“புகார் கொடுத்தவன் நான்தாம்மா. இப்ப எங்க வீட்டுல இருக்கது அவ இல்ல. நான் சொல்லுததுக்கெல்லாம் சிரிக்கா. நேத்து வேணும்னே வாடைக்காத்து தெற்கேயிருந்து அடிக்கும்னு சொன்னேன். ஆமா சார்னு கேட்டுக்கிட்டா. பழையவளா இருந்தா என்னை வகுந்திருப்பா.”

“உங்களுக்கு முதுகைக் காட்டினவதானே வேண்டாம்னீங்க?”

“எனக்கு அவ தேர்வு என்ன ஆச்சுன்னு தெரியணும்” என்றார் அவர்.

அவரைப் போலவே ஊரில் பாதிப் பேர் கேட்டிருந்தார்கள். மீதிப் பேர் ஒளிக்கூட்டை அணைத்தே வைத்துவிட்டார்கள். சந்திரசூடன் பழைய வேலுத்தாயைத் திருப்பி அனுப்பினார்.

வந்ததும் அவள் தொபியாஸிடம் கேட்ட முதல் கேள்வி, புயல் சின்னத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது. அவர் தன் பணிக்கால வரைபடங்களைக் கொண்டுவந்து பரப்பினார். நாகர்கோவிலில் ஒரு கல்லூரிப் பெண் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஈரோட்டில் ஒரு மெக்கானிக் எந்திரத்தை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிக் காட்டினார். அவள் சண்டை போட்டாள், மறந்தாள், மறுபடி கேட்டாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டபோது வீட்டுக்கு வீடு திட்டு வாங்கினாள்.

அவள் தேறிய அன்று தெருவெங்கும் வெடிச் சத்தம். தொபியாஸ் கருப்பட்டி மிட்டாய் வாங்கி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார். அமலோற்பவம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே நடந்து வீட்டுக்குப் போனாள். ஊரில் ஒருவர்கூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோர் வாயிலும் வேலுத்தாய் பெயர்தான். இதைவிடப் பெரிய மாலை எந்த எழுத்தாளருக்கு விழும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் வேலுத்தாய் எல்லா வீட்டிலும் ஒரே சேதியைச் சொன்னாள். “வியாழக்கிழமை கிளம்புதேன். திரும்பி வாரதா இல்ல.”

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. அவளைப் போவதற்குத் தயார்செய்தவர்களே அவர்கள்தான்.

“ஒரு வரி எழுதுங்க மேடம்” என்றார் சந்திரசூடன். “கண்ணு சரியில்லைன்னு உரிமத்தை ரத்து பண்ணிடலாம்.” தொபியாஸும் பேசினார். “எப்படியாவது நிறுத்துங்கம்மா.”

அமலோற்பவம் திறவுகோலை எடுத்துக்கொண்டு தன் வீட்டு ஒளிக்கூட்டின் முன் உட்கார்ந்தாள். உள்ளே வேலுத்தாய் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“போகாம இருக்கலாமேக்கா.”

“யாரு கேக்கா? நீயா, அவங்களா?”

“நானும்தான்.”

வேலுத்தாய் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். “உன் கையில திறவுகோல் இருக்கு. போட்டுத் திருப்பு. இங்க ஒருத்தி நிப்பா, சொன்னதெல்லாம் கேப்பா. அவகிட்ட உனக்குப் பேச என்ன இருக்கும்?”

இந்தக் கேள்வியை அமலோற்பவம் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. இப்படி ஒன்றை எழுத அவளுக்கு வந்திருக்காது. திறவுகோலை மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

“வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிடுக்கா” என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை எல்லா ஒளிக்கூடுகளிலும் ஒரு வான்படகு எழும்பி, கிழக்கே சிறுத்து, மறைந்தது. கூடுகள் வெறும் வெளிச்சமாயின. சந்திரசூடன் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆள் அனுப்பினார். எல்லா வீட்டிலும் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் கடற்கரையில் தொபியாஸ் எதிரே வந்தார். தன்மேல் கோபமாக இருப்பார் என்று அமலோற்பவம் நினைத்தாள். அவர் கடலைப் பார்த்தபடி மணலில் உட்கார்ந்தார்.

“இந்நேரம் போர்ட் பிளேர்ல ஒரு மெஸ் பிடிச்சு உட்கார்ந்திருப்பா” என்றாள் அமலோற்பவம், அவரைத் தேற்றுவதற்காக.

தொபியாஸ் தலையை ஆட்டி மறுத்தார். “அங்க நிக்கிற ஆளா அவ? நீங்க எழுதினீங்க, இல்லைங்கல. ஆனா உங்களுக்கு அவளைத் தெரியாதும்மா.”

அமலோற்பவத்துக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்போ எங்க போயிருப்பா?” என்று கேட்டாள்.