வேலிக்கு வெளியே பத்து நிமிடம்

ஏழாவது மூச்சில் நாற்றம் நின்றுபோனது.

தாரகா பேனாவைத் தாளில் வைக்காமல் நின்றாள். முதல் ஆறு மூச்சுக்கும் அவள் போட்ட எண்கள் ஒழுங்காகத்தான் ஏறியிருந்தன: ஒன்று, இரண்டு, இரண்டு, மூன்று, நான்கு, நான்கு. அழுகிய முட்டையின் நாற்றம், அதனோடு அடித்தொண்டையில் செப்புக்காசைச் சப்பியது போன்ற ஒரு சுவை. ஏழாவதில் ஒன்றுமில்லை. அது மெல்ல மங்கிப் போயிருந்தால் அவள் பேசாமல் எழுதியிருப்பாள். ஒரேயடியாக இல்லாமல் போயிருந்தது.

அவளுடைய வேலை இதுதான். குப்பைமேட்டின் கம்பிவேலிக்கு வெளியே, பொதுத்தெருவில், குறித்த இடத்தில் பத்து நிமிடம் நிற்க வேண்டும். பத்து விநாடிக்கு ஒரு தரம் மூச்சை இழுத்து, நாற்றத்துக்குப் பூச்சியத்திலிருந்து ஆறு வரை ஓர் எண் போட வேண்டும். வேலியைத் தாண்டி நாற்றம் வரக்கூடாது என்பது குப்பைமேட்டின் உரிமத்தில் உள்ள நிபந்தனை. அது மீறப்பட்டதா என்பதைப் பயிற்சி பெற்ற ஒரு மூக்குத்தான் சொல்ல வேண்டும். அந்த மூக்குக்காகத் தாரகா வேலைநாட்களில் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. வீட்டில் கறி தாளிக்கும்போது குசினிப் பக்கம் போவதில்லை.

எதிரே, தெரு முடியும் பள்ளத்தில் விக்னராஜா அங்கிளின் வீடு. நாற்றம் பற்றி அவர் கொடுத்த முறைப்பாட்டுக்காக அவள் ஏற்கெனவே இரண்டு முறை வந்திருந்தாள். இரண்டு முறையும் அந்த வீட்டுச் சாம்பிராணிப் புகை வாசற்படலை வரைக்கும் வந்து நின்றது. 'வேறு மணம் கலந்துள்ளது, உறுதிசெய்ய முடியவில்லை' என்று எழுதினாள். விதி அப்படி. இன்று கடைசி முறை. இன்றும் உறுதியாகாவிட்டால் முறைப்பாட்டை மூடிவிடுவார்கள். அங்கிளும், இருமி இருமியே மெலிந்துபோன நாகபூசணி அன்ரியும் இந்தக் காற்றோடுதான் காலம் கழிக்க வேண்டும்.

எட்டு. பூச்சியம். ஒன்பது. பூச்சியம்.

மெல்பேர்னின் யூன் மாதத்துக் குளிர்கால மாலை, ஐந்தரை மணி. காற்றில் அசைவே இல்லை. குளிர் மேட்டிலிருந்து வழிந்து, பனிப்புகையோடு பள்ளத்தில் தேங்கிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் யூக்கலிப்டஸ் மரங்களில் அடையவரும் கிளிகளின் கூச்சலில் மூச்சை எண்ணுவதே கடினம். இன்று அவளுடைய ஜாக்கெட் கை உரசுவதுகூடக் கேட்டது.

அவளுக்குத் தன் மூக்கின் மேல் எப்போதும் ஐயம்தான். மேற்பார்வையாளர் கௌரிசங்கரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"திடீரெண்டு நிண்டிட்டுது அண்ணா. நாலில இருந்து நேரே பூச்சியம்."

"நின்னா நல்லதுதானே? ஊரே நாத்தம்னு அழுது, நீ நாத்தம் இல்லேன்னு அழுற." அவர் சிரித்தார். "மூக்கை நம்பும்மா. பூஜ்யம்னா பூஜ்யம்தான். எழுதிட்டுக் கிளம்பு."

அவள் எழுதினாள். தலை இலேசாக வலித்தது. கண் கரித்தது. குளிர்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அங்கிள் வாசலுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பிள்ளை, பாத்தீரே? இண்டைக்கு நாத்தமே இல்லை. உமக்காகத்தான் சாம்பிராணியும் கொளுத்தேல்லை. தேத்தண்ணி ஊத்தட்டே?"

"அன்ரி எங்க அங்கிள்?"

"அவ மத்தியானத்தில இருந்து நல்ல நித்திரை. மூண்டு வருஷத்தில இப்பிடி இருமாமல் படுத்தவ இல்லை. எழுப்ப மனம் வரேல்லை."

தாரகாவின் கை தானாகவே பைக்குள் போனது. மூக்கைச் சோதிப்பதற்கென்று ஒரு சிறு குப்பி வைத்திருந்தாள். மூடியைத் திறந்தால் வெள்ளைப்பலகையில் எழுதும் பேனாவின் நெடி குப்பென்று அடிக்கும்.

திறந்தாள். ஒன்றுமில்லை.

மூக்கோடு அணைத்துப் பிடித்தாள். ஆழமாக இழுத்தாள். நாசி எரிந்தது. மணம் இல்லை.

நாற்றம் போகவில்லை. அவளுடைய மூக்குத்தான் போயிருந்தது.

பயிற்சி வகுப்பில் ஒரே ஒரு தரம் சொன்னார்கள். குப்பையிலிருந்து வரும் அந்த அழுகிய முட்டை வாயு அளவுக்கு மிஞ்சினால் முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்யும். அது காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும்; நாற்றம் திடீரென்று நின்றால் உயரமான இடத்துக்கு ஓடு. அதனால்தான் வேலிக்கு உள்ளே ஒவ்வொருவரும் நெஞ்சில் எச்சரிக்கைக் கருவி மாட்டியிருப்பார்கள். தனக்கும் ஒன்று வேண்டுமென்று அவள் கேட்டிருக்கிறாள். வேலிக்கு வெளியே பொதுத்தெரு, அங்கே விதி அதைக் கேட்பதில்லை என்றார்கள்.

"அங்கிள், வெளியில வாங்கோ. அன்ரியையும் தூக்கிக்கொண்டு..."

குரல் கரகரத்து உடைந்தது. அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். நின்ற நிலையில் கொஞ்சம் ஆடினார்.

"என்ன பிள்ளை? பொறும், அவவின்ர அறை யன்னலைத் திறந்துவிட்டிட்டு வாறன். நல்ல காத்து."

"வேண்டாம் அங்கிள்!"

உள்ளே போய்விட்டார். யன்னல் திறந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் அவர் நிழல் நிமிர்ந்து, தோள் விரிய மூச்சிழுத்தது. பிறகு நிழல் இல்லை.

அவசர எண்ணை அழுத்தினாள். விரல் வழுக்கியது. மறுபடி அழுத்தினாள். முழங்கால் மடிந்தது. தெருவின் மேடான பக்கம் பின்னால் இருந்தது. இருபது அடி. திரும்ப வேண்டும்.

உடல் திரும்பவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு யன்னல் திறந்தது. அதற்கடுத்த வீட்டில் கதவு. வெளிச்சம் புல்லில் விழுந்தது. யாரோ ஒரு பெண் வீட்டு வேலிக்கு மேலால் எட்டி, நாற்றம் போய்விட்டதென்று அடுத்த வீட்டுக்காரியைச் சந்தோசமாகக் கூப்பிட்டாள். பள்ளிச் சீருடையோடு இரண்டு பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒரு கிழவர் கதிரையை இழுத்து வந்து முற்றத்தில் போட்டு உட்கார்ந்தார். எல்லாரும் முகத்தை மேலே தூக்கினார்கள். வாயைத் திறந்தார்கள். இழுத்தார்கள். இன்னும் ஆழமாக.

முதலில் சின்னவன் புல்லில் உட்கார்ந்தான். பிறகு படுத்தான். அக்கா சிரித்துக்கொண்டே அவன் பக்கத்தில் சாய்ந்தாள். அவர்களைக் கூப்பிட வந்த தாயும் குனிந்தவள் நிமிரவில்லை.

பள்ளத்தின் கடைசி வரைக்கும், ஒன்றன்பின் ஒன்றாக, யன்னல்கள் திறந்துகொண்டே போயின.