விருந்துப் பக்கம்

அன்று கந்தகப் பேரண்டம் என்ற படக்கதை உலகத்தில் தமிழ்நாடு முழுக்க மழை. நெய்வேலி நாயகன் கரியன் சுரங்கத்துக்குள் மாட்டிக்கொள்ள வேண்டுமென்று அவன் இதழில் மழையைக் கொண்டுவந்தார்கள். ஓர் இதழில் பெய்தால் எல்லா இதழிலும் பெய்தாக வேண்டும். யாழ்ப்பாணத்து வெயிலில் உட்கார்ந்து திருப்பூர் நூலனை வரையும் பிருந்தினிகூட அவன் கையில் குடையைக் கொடுத்துவிட்டார். கொடுக்க மறந்தவர்களின் பக்கங்களை இசைவுப்பொறி திருப்பி அனுப்பியது.

இசைவுப்பொறி இருப்பது சிவகாசியில், பழைய அச்சகம் ஒன்றின் மாடியில். ஒரு பாத்திரம் இதுவரை தோன்றிய பக்கங்கள் அனைத்தையும் படித்து, அந்தப் பாத்திரத்துக்கென்று ஒரு மனத்தை அது உருவாக்கி வைத்திருக்கும். புதிய பக்கம் வந்ததும் அந்த மனங்களிடம் கேட்கும்: நீ இதைச் செய்வாயா? மாட்டேன் என்று ஒரு மனம் சொன்னாலும் பக்கம் அச்சுக்குப் போகாது. அதனால்தான் ஊர் ஊராக எத்தனையோ பேர் எழுதியும் வரைந்தும் கந்தகத்தின் நாயகர்கள் குணம் மாறவே இல்லை. இப்படி ஓர் உலகத்தை வேறெவரும் கட்டியதில்லை என்று சிவகாசிக்காரர்கள் மார்தட்டுவார்கள். தட்டட்டும், உண்மைதானே.

இத்தனையும் சண்முகக்கனி என்ற ஒரு பெண்ணிடமிருந்து தொடங்கியது. பட்டாசு ஆலை விபத்தில் பிழைத்து, தீயை உள்ளங்கைக்குள் இழுத்துக் குளிரவைக்கும் நீலத்திரி என்ற நாயகியை அவர் தனியாளாக வரைந்து பேருந்து நிலையத்தில் விற்றார். பிறகு கதை எழுத தங்கப்பழம் வந்து சேர்ந்தார். எந்த ஊர்க்காரரும் தம் ஊருக்கு ஒரு நாயகரைக் கொண்டுவரலாம், ஒருவர் படைத்தவரை மற்றவரும் வரையலாம் என்று இருவரும் கதவைத் திறந்துவிட்டார்கள். தூத்துக்குடியிலிருந்து உப்பரசன் வந்தான், திருப்பூரிலிருந்து நூலன் வந்தான், பேரண்டம் கடல் கடந்தும் பெருகியது. நீலத்திரியை மட்டும் சண்முகக்கனி யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த மூக்கு வேறு யார் கைக்கும் வராது என்பார்.

ஒரு வழக்கத்தையும் அவர்தான் ஏற்படுத்தினார். புதிதாக வருகிறவர் வில்லனாகவே இருந்தாலும், முதல் இதழில் நீலத்திரி அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும். விருந்துப் பக்கம் என்று அதற்குப் பெயர். பழைய வாசகர்களைப் புதிய இதழுக்கு இழுக்கிற வியாபாரத் தந்திரம்தான். அவள் நெருங்கினால் அடுப்பு அணைந்துவிடும் என்பதால் எல்லா வீட்டிலும் தள்ளி உட்காரச் சொல்வார்கள். அந்த ஒரு வசனத்துக்காகவே வாசகர்கள் காத்திருந்தார்கள்.

இப்போது சண்முகக்கனியின் கை நடுங்குகிறது. நடுக்கம் இனி கூடத்தான் செய்யும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வேறு கைக்கு நீலத்திரி போவதைவிடத் தன் கையாலேயே அவளை முடித்துவிடுவது என்று அவர் தீர்மானித்தார். சிறப்பிதழில் ஒரு கிடங்கு எரியும். ஊரைக் காக்க அத்தனை தீயையும் விழுங்கி அவள் அணைந்துபோவாள். மாதக்கணக்கில் பாடுபட்டு வரைந்த பக்கங்களை இசைவுப்பொறி ஒரே வரியில் திருப்பியது: “அவளைக் காப்பாற்ற நூலன் வந்துவிடுவான்.”

நூலனைச் சூரத்துக்கு அனுப்பி வைத்தார். உப்பரசன் வந்துவிடுவான் என்றது பொறி. அவனைக் கடலடியில் அடைத்தார். கரியன் பூமியைக் குடைந்துகொண்டு வருவானாம். அவனையும் கட்டிப்போட்டால் வில்லன்கள் வருவார்களாம்.

“நான் பெத்த பிள்ளைய நான் முடிக்கக் கூடாதா?” என்று தங்கப்பழத்திடம் பொரிந்து தள்ளினார்.

“எல்லா வீட்லயும் அவள உக்கார வச்சுச் சோறு போட வச்சது நீங்கதானக்கா. சோறு போட்டவங்க சும்மா பாத்துக்கிட்டு இருப்பாங்களா?”

சண்முகக்கனிக்குக் கோபம் பொங்கியது. கோபத்தின் அடியில், இப்படிப்பட்ட ஆட்களையா உண்டாக்கியிருக்கிறோம் என்ற பெருமையும் பொங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல், எந்த நாயகனாலும் நெருங்க முடியாத ஒரு வில்லியைத் தேடினார். அப்படி ஒருத்திதான் இருந்தாள். மூக்குக்கண்ணாடி போட்டு, பேனாவும் கையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தன்னையே வரைந்து பொறிக்குள் செலுத்தினார்.

பாத்திரத்தைப் பொறி ஏற்றுக்கொண்டது. கூடவே, விருந்துப் பக்கம் இல்லை என்று நினைவூட்டியது. தங்கப்பழம் சிரித்தார். ஒரு பக்கம்தானே என்று சண்முகக்கனி தன் சமையலறையை வரைந்தார். நீலத்திரி வந்தாள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் அப்பளமும் வைத்தார். அப்பளத்தின் வட்டம் கோணியது, அந்த மூக்கும் கோணியது. வசனத்தை யோசிக்கவே இல்லை, கை தானாக எழுதியது: “அங்கயே உக்காரு தாயி, அடுப்பு அணைஞ்சிரும். இன்னுங் கொஞ்சம் சோறு போட்டுக்கோ.”

அந்தப் பக்கத்தைப் பொறி உடனே ஏற்றுக்கொண்டது. பின்னாலேயே, அந்த வில்லி தீ வைக்கிற கிடங்கின் பக்கங்களைச் செலுத்தினார். இந்த முறை நூலன் பெயர் வரவில்லை, உப்பரசன் பெயரும் வரவில்லை.

“சண்முகக்கனி இதைச் செய்யமாட்டார்” என்றது பொறி.

அவர் கிடங்கின் பக்கங்களை எடுத்து ஓரமாக வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீலத்திரியை இனி எல்லாரும் வரையலாம் என்று அறிவிக்கும்படி தங்கப்பழத்திடம் சொன்னார்.

“பிருந்தினிகிட்ட சொல்லு, மூக்கு நுனியில நிறுத்தி நிதானமா வரையணும்.”

அறிவிப்பு வந்த வாரமே பிருந்தினி ஒரு பக்கம் அனுப்பிவிட்டார். அதன் நாயகி நீலத்திரி இல்லை, சண்முகக்கனி. அவரும் இப்போது பேரண்டத்தின் பாத்திரம் அல்லவா, யாரும் வரையலாம். நாற்காலியில் உட்கார்ந்து துளி நடுக்கமில்லாத கையால் ஒரு மூக்கை வரைந்துகொண்டிருந்தார். எதிரில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்த நீலத்திரி சொன்னாள்: “பொறுமையா வரைங்கம்மா, நான் எங்கயும் போகல.”

அந்தப் பக்கத்தை இசைவுப்பொறி மறுபேச்சில்லாமல் அச்சுக்கு அனுப்பியது.