திரும்பி வராத கரண்ட்

வீல்ல்ல்...

நான்கு ஸ்பீக்கர்களும் ஒரே நேரத்தில் அலறின.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார் ஆட்டோ எலக்ட்ரீஷியன். அலறல் முனகலாக இறங்கியது. மறுபடி மிதித்தார். மறுபடி அலறல்! டேஷ்போர்டுத் திரை கண் சிமிட்டிவிட்டு இருண்டது.

"இதுதாண்ணே. கார் ஸ்பீக்கர்ல போன் பேசினாலும் அந்தப் பக்கம் வெறும் இரைச்சல்தான் கேக்குதாம்" என்றாள் காரைக் கொண்டுவந்தவள்.

கார் அவள் கணவனுடையது. போன மாதம் சண்டை போட்டுக்கொண்டு, காரைக்கூட விட்டுவிட்டு, சொல்லாமல் போய்விட்டானாம். சாயங்காலம் காரை வாங்க ஒருவர் வருகிறார். இந்த அலறலைக் கேட்டால் ஓடிவிடுவார். விற்ற கையோடு அவளும் ஊரைக் காலி செய்ய வேண்டுமாம்.

மதியச் சாப்பாட்டு நேரம். பக்கத்துக் கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. எலக்ட்ரீஷியனைச் சாப்பிடக் கூப்பிட வீட்டில் ஆள் இல்லை. அதனால் வேலை பார்த்தார். வேலை பார்த்தால் விளக்கமும் சொல்லியாக வேண்டும் அவருக்கு. கேட்க ஒரு காது கிடைப்பதே அபூர்வம்.

"இன்ஜின் வேகத்தோட சத்தமும் ஏறுதுல்ல? அப்போ ஸ்பீக்கர் மேல தப்பில்லம்மா. கரண்ட் போனா மட்டும் போதாது, திரும்பி வரணும். திரும்புற வழி இந்தக் கறுப்பு ஒயர். இது அடைச்சுக்கிட்டா, பாட்டு வர்ற ஒயர் வழியா சந்துல பூந்து வரும். வரும்போது, கரண்ட் உண்டாக்குற ஆல்டர்னேட்டரோட சத்தத்தையும் கூட்டிக்கிட்டு வந்துடும்."

மீட்டரின் ஒரு முனையைக் கறுப்பு ஒயரிலும், மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தார். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும்.

ஒன்றரை வோல்ட் காட்டியது!

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். முன்சீட்டுப் பக்கம், தரைவிரிப்புக்கு அடியில், ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. போல்ட் முழுக்கத் துரு. சுற்றிலும் ஈரம்.

மழையில் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாளா என்று கேட்டார். ஷெட்டிலேயேதான் நின்றது, யாரும் தொடவே இல்லை என்றாள்.

துருவைச் சுரண்டி போல்ட்டை இறுக்கினார். அலறல் செத்தது. திரை நிலைத்தது. இன்ஜினை நிறுத்தினார். போன் பேசும் மைக் மட்டும் பாக்கி. அதையும் சோதித்துக்கொண்டே, விரிப்பைச் சரிசெய்யக் கையை உள்ளே விட்டார்.

விரலில் ஏதோ உறுத்தியது.

பல். வேரோடு.

ஃபினாயில் வாசனை இப்போதுதான் மூக்கில் ஏறியது. யாரோ வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். மேலே காய்ந்துவிட்டது. அடியில் இருக்கும் பஞ்சு லேசில் காயாது...

"தங்கச்சி... உங்க வீட்டுக்காரர் எங்கேயும் போகல, இல்ல?"

பின்னால் கடையின் ஷட்டர் இறங்கியது. திரையின் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

அவள் கையில் வீல் ஸ்பேனர்.

"போறேன்னுதான் சொன்னார். பத்து வருஷம் கூட இருந்துட்டு, நீ தனியாவே கிடன்னு சொன்னார். இந்த சீட்ல உக்காந்துதான் சொன்னார். அதே சீட்லயே அடிச்சேன்." குரல் நடுங்கவில்லை. "அண்ணே, இன்னிக்கு நீங்க வீடு திரும்பலைன்னா யார் தேடுவா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"யாரும் தேட மாட்டாங்கம்மா."

ஸ்பேனர் உயர்ந்தது...

"யோவ்!"

நான்கு ஸ்பீக்கர்களும் ஒரே குரலில் பேசின.

"தினமும் மத்தியானம் போனைப் போட்டு, 'ஹலோ, மைக் கேக்குதா'ன்னு என் தூக்கத்தைக் கெடுக்கிறே. ஒரு நாள் போன் வரலைன்னா நான் தேட மாட்டேனா? இந்தாம்மா, கையில இருக்கிறதைக் கீழே போடு. ஜீப் கடைத் தெருவுல திரும்பிடுச்சு."

"யா... யாரது?"

"ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர்மா" என்றார் எலக்ட்ரீஷியன், கொஞ்சம் கூச்சத்தோடு. "மைக்கை டெஸ்ட் பண்ண எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேணும். எனக்குன்னு வேற யாரு இருக்கா?"

வெளியே சைரன். ஸ்பேனர் தரையில் விழுந்து உருண்டது.

ஷட்டரைத் தட்டும் சத்தத்துக்கு நடுவே அவர் திரையை நோக்கிக் குனிந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார்... இரைச்சல் ஏதாவது இருக்கா?"